ஏற்றத்தில் இழுவை விழுந்து மிஸ்ஸிங் அடிக்கும் கொரோலா 110: பெற்றோல் பிரஷரா, கரன்ட்டா?

புசல்லாவை_110

எல்லாருக்கும் வணக்கம். வண்டி டொயோட்டா கொரோலா 110, 5ஏ-எஃப்ஈ எஞ்சின், மெனுவல் கியர். கம்பளையிலிருந்து புசல்லாவை வரும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. இறம்பொடை தாண்டி லபுக்கலைப் பக்கம் ஏறும்போது மூன்றாம் கியரில் இழுவை அப்படியே விழுந்துவிடுகிறது. மிதிக்க மிதிக்க மோசம். எஞ்சின் திக்குகிறது, சில நேரம் ஏர் ஃபில்டர் பெட்டிப் பக்கம் 'பொட்' என்று ஒரு வெடி. மிதியைப் பாதி விட்டால் பிழைத்துக்கொள்ளும். இறக்கத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மூட்டம் விழுந்த காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஐட்லிங்கிலேயே ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கிறது. சூடேறியதும் போய்விடும்.

பிளக் நாலும் புதிது. ஏர் ஃபில்டர் புதிது. த்ரொட்டில் பொடி கழுவியாயிற்று. டவுனில் ஒரு கராஜில் பெற்றோல் பம்பையும் மாற்றினார்கள். கொஞ்ச நாள் பரவாயில்லை, அப்புறம் பழையபடி. இப்போது இன்ஜெக்டர் நாலையும் மாற்றச் சொல்கிறார்கள். அப்பாவைக் கிளினிக்குக்குக் கண்டி கூட்டிப்போவதும் இந்த வண்டியில்தான், அதனால் நடுவழியில் நிற்காமல் இருந்தால் போதும் என்றிருக்கிறது. இன்ஜெக்டருக்குக் காசு போடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஹட்டன்வாசி

தம்பி, எனக்குக் கரன்ட் பக்கம்தான் படுகிறது. நம்ம பக்கத்து மூட்டத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் ஏறாமல் இருந்தால்தான் அதிசயம். இருட்டினதும் பொனட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீர் தெளிக்கும் போத்தலால் பிளக் வயர்மேல் மெல்லிய தூறலாக அடியுங்கள். வயரின்மேல் நீலமாகப் பொறி ஓடினால் விடை அங்கேயே இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு வயரையும் மீற்றரில் அளந்து பாருங்கள். ஒரு வயர் 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் செட்டாகவே மாற்றிவிடுங்கள். பம்பைக் கழற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்பானர்_அண்ணன்

ஹட்டன் அண்ணன் சொல்வது காலை நேர மிஸ்ஸிங்குக்குச் சரி. ஆனால் தம்பி எழுதியதில் இரண்டு வேறு நோய் இருக்கிறது, இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

காலையில் ஈரத்தோடு வந்து, ஒரே சிலிண்டரில் நின்று, சூட்டோடு போவது ஒரு வகை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, பாரம் கூடக் கூட மோசமாகி, மிதியை விட்டதும் பிழைப்பது வேறு வகை. அந்த 'பொட்' சத்தத்தைக் கவனியுங்கள். பெற்றோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். எரிந்து முடிவதற்குள், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு திறந்தால் நெருப்பு பின்பக்கம் வரும். அதனால்தான் சத்தம் சைலன்சர் பக்கம் கேட்காமல் ஏர் ஃபில்டர் பக்கம் கேட்கிறது.

பிளக்கின் நிறம் சொல்லுங்கள் தம்பி. வீட்டு வாசலில் ஐட்லிங்கில் ஓடவிட்டுக் கழற்றிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. ஏற்றத்தில் திக்கும்போதே ஒதுங்க இடமுள்ள நேர் ரோட்டில் கிளச்சை மிதித்து, ஓரங்கட்டி, உடனே எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழற்ற வேண்டும். வளைவில் இந்த வேலை வேண்டாம், எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டீரிங்கும் கனத்துவிடும்.

ஹட்டன்வாசி

அண்ணே, ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். பாரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக்கில் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். பொறிக்கு வோல்ட் கூட்டிக் கொடுக்கும் இக்னிஷன் கோயில் பலவீனம் என்றாலும் ஏற்றத்தில்தான் விடும், மிதியை விட்டால் பிழைக்கும். அடையாளம் இரண்டுக்கும் ஒன்றுதானே?

ஸ்பானர்_அண்ணன்

உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் காதால் கேட்டு முடிவு சொல்லாமல் பெற்றோல் பிரஷர் கேஜ் போடச் சொல்வேன். பிளக்குக்குப் போகும் கரன்ட் குறைந்தால் பெற்றோல் பிரஷர் விழாது. பிரஷர் விழுந்தால் இக்னிஷன் கோயிலைக் குற்றம் சொல்ல முடியாது. முள் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும்.

லிந்துலை_பயணி

நான் ஒன்று கேட்கிறேன், இது நோயே இல்லையென்றால்? நுவரெலியா உயரத்தில் எந்த வண்டியும் இழுக்காதே. கொழும்பில் பறக்கும் வண்டி இங்கே வந்தால் மூச்சு வாங்குகிறது. சும்மா பாகம் பாகமாக மாற்றிக் காசை விடாமல் இரண்டாம் கியரில் போட்டு ஏறினால் என்ன?

மல்டிமீற்றர்

உயரத்தால் இழுவை குறையும், திக்காது. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் அங்கே 80ஐ ஒட்டித்தான் இருக்கும். எஞ்சினின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் அது சீராகப் போகும். இந்த எஞ்சினில் இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் சென்சர் இருக்கிறது. காற்று குறைந்தால் கம்பியூட்டர் பெற்றோலையும் குறைத்துவிடும், கலவை கெடாது. மிஸ்ஸிங்கும் வெடியும் வந்தால் நோய் இருக்கிறது என்றே அர்த்தம்.

உயரம் வேறொரு இடத்தில் ஆளை ஏமாற்றும். கடல்மட்டத்தில் ஐட்லிங்கில் வெற்றிட கேஜ் 19, 20 அங்குலம் காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவில் 14 சுற்றித்தான் காட்டும். கம்ப்ரஷனும் அப்படித்தான், கீழே 180 பி.எஸ்.ஐ. காட்டிய அதே எஞ்சின் மேலே 145 காட்டும். புத்தகத்து எண்ணை வைத்துக்கொண்டு 'பிஸ்டன் ரிங் போச்சு' என்று எஞ்சினைப் பிரித்த கதைகள் உண்டு. மலையில் மொத்த எண்ணைவிட நாலு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

புசல்லாவை_110

அண்ணன் சொன்ன மாதிரி லபுக்கலை தேயிலைத் தொழிற்சாலை தாண்டி அகலமான இடத்தில் நிறுத்திப் பிளக் கழற்றினேன். நாலின் நுனியும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கிறது. மூன்றாவது பிளக்கை எடுக்கும்போது பிளக் இறங்கும் கிணறு முழுக்க எஞ்சின் ஒயில், வயரின் ரப்பர் மூக்கு ஊறிப் பஞ்சாகிவிட்டது. மற்ற மூன்று கிணறும் காய்ந்திருக்கிறது.

ஸ்பானர்_அண்ணன்

நல்ல வேலை தம்பி. இப்போது பாருங்கள், இரண்டு கதையும் தனித்தனியாக வந்துவிட்டது.

மூன்றாவது கிணற்றில் ஒயில் என்றால் டெப்பட் கவர் (எஞ்சின் தலையின் மேல்மூடி) பெக்கிங்கும் பிளக் கிணற்றுச் சீலும் போய்விட்டது. இந்த எஞ்சினில் வழக்கமாக வரும் கோளாறு இது. ஒயிலில் ஊறிய மூக்கு வழியாகப் பொறி எஞ்சின் தலைக்கு ஓடும், ஈரம் சேர்ந்தால் இன்னும் சுலபமாக ஓடும். அதுதான் உங்கள் காலை மிஸ்ஸிங். பெக்கிங், சீல், வயர் செட் மூன்றையும் ஒன்றாகச் செய்யுங்கள். ஒயிலை அப்படியே விட்டுப் புது வயர் போட்டால் அதுவும் ஊறும்.

நாலும் ஒரே மாதிரி வெள்ளை என்பதுதான் முக்கியம். ஒரு இன்ஜெக்டர் அடைத்தால் ஒரு பிளக் வெளுக்கும். நாலு இன்ஜெக்டரும் ஒரே நாளில் ஒரே அளவுக்கு அடைப்பது நடக்காத காரியம். நாலுக்கும் பொதுவான ஒன்று குறைகிறது, அது பெரும்பாலும் பிரஷர். ஆகவே இன்ஜெக்டர் மாற்றும் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். வேண்டுமானால் ஓம் மட்டும் பாருங்கள், ஒவ்வொன்றும் 13.4இலிருந்து 14.2 வரை இருந்தால் சுருள் நன்றாக இருக்கிறது.

இனி கேஜ். இந்த வண்டியில் இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாயில் கேஜ் மாட்டத் தனி வால்வு இல்லை. பொனட்டுக்குள் இருக்கும் பெற்றோல் ஃபில்டரில் துளை போட்ட போல்ட்டில் வரும் பைப்பைக் கழற்றி, அங்கே மூன்று வாய் உள்ள 'ரீ' இணைப்பு போட்டுத்தான் மாட்ட வேண்டும். கழற்றுவதற்கு முன் பின் சீற்றுக்குக் கீழே பம்பின் பிளக்கை இழுத்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். துணியைச் சுற்றிக்கொண்டே போல்ட்டைத் தளர்த்துங்கள், மிச்சம் இருக்கிற பெற்றோல் கண்ணில் அடிக்கும். போல்ட்டின் இரண்டு பக்கமும் வரும் வாஷர் புதிதாகவே இருக்கட்டும். சூடான குண்டு பல்ப் லைட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரு துளி பட்டு உடைந்தால் போதும். எல்ஈடி டோர்ச் பிடியுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

பார்க்க வேண்டிய எண் இதுதான். ஐட்லிங்கில், பெற்றோல் பிரஷரை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாய் மாட்டியபடி 30 முதல் 37 பி.எஸ்.ஐ. குழாயைக் கழற்றி வாயை அடைத்தால் 38 முதல் 44. எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தும் 21க்குக் கீழே இறங்கக்கூடாது. குழாயைக் கழற்றும்போது அதற்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது.

வீட்டில் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நீண்ட ஹோஸ் உள்ள கேஜ் என்றால் பொனட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து வைப்பருக்குக் கீழே கண்ணாடியில் கட்டி ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ஹோஸ் எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குள் வரக்கூடாது. முள்ளைப் பார்க்கப் பக்கத்து சீற்றில் ஒரு ஆள் இருக்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

வெலிமடை_ரோட்

ஐட்லிங்கில் எண் சரியாக வந்தால் போதாதா அண்ணே? ஏன் ஏற்றம் வரை போக வேண்டும்?

ஸ்பானர்_அண்ணன்

ஐட்லிங்கில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம், பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி திரும்ப டாங்க்குக்கே போகிறது. அரை உயிரோடு இருக்கும் பம்பும் அப்போது சமாளித்துவிடும். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக் குழாய் மட்டும் திறந்திருந்தால் தண்ணீர் கொட்டும், காலையில் எல்லோரும் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டும் அல்லவா, அந்தக் கணக்குத்தான். முழு மிதியில் இன்டேக்கில் வெற்றிடம் இல்லாமல் போவதால் பிரஷர் குழாய் கழற்றிய எண்ணுக்கு, அதாவது 38க்கு மேலே நிற்க வேண்டும். அப்போது கீழே போனால் தள்ளும் பக்கம் பலவீனம்.

மல்டிமீற்றர்

டாங்க்கில் கால்வாசிக்கு மேல் பெற்றோல் வைத்துக்கொண்டு பாருங்கள். நீளமான ஏற்றத்திலும் கொண்டை ஊசி வளைவிலும் பெற்றோல் பின்னுக்குச் சாய்ந்து பம்ப் காற்றை இழுத்தால் அதே அறிகுறிதான் வரும், சோதனை குழம்பிவிடும். பம்ப் பெற்றோலில் மூழ்கி இருந்துதான் குளிர்கிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

புசல்லாவை_110

தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் கேஜும் 'ரீ'யும் வாங்கி, அவரையே கூட்டிக்கொண்டு போனேன்.

ஐட்லிங்கில் 30. குழாய் கழற்றினால் 36. குழாய்க்குள் ஈரம் இல்லை. நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து 27. ஏற்றத்தில் மூன்றாம் கியர், முழு மிதி: 35இல் ஆரம்பித்து முள் மெல்ல மெல்ல இறங்கியது. 26க்கு வந்ததும் திக்க ஆரம்பித்தது. மிதியை விட்டதும் முள் மேலே வந்துவிட்டது. பாஸ் முள்ளைச் சொல்லிக்கொண்டே வந்தார், எண் இறங்குவதும் எஞ்சின் திக்குவதும் ஒன்றாகவே நடந்தது.

ஸ்பானர்_அண்ணன்

அப்போ சந்தேகமே இல்லை, பெற்றோல் காணவில்லை. நிறுத்தின பிறகு 27இல் நிற்பதால் இன்ஜெக்டர் ஒழுகவில்லை, பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வும் நல்லது.

அடுத்தது ரெகுலேட்டரா, தள்ளும் பக்கமா என்று பிரிக்க வேண்டும். ஐட்லிங்கில் ரெகுலேட்டரிலிருந்து திரும்பிப் போகும் ரப்பர் ஹோஸில் துணி சுற்றி ஒரு கணம் மட்டும் அமுக்குங்கள். முள் 60க்கு மேல் பாய்ந்தால் பம்ப் பக்கம் நல்லது, ரெகுலேட்டர் சீக்கிரம் திறந்து விடுகிறது. முள் சோம்பலாக ஏறினால் பம்ப், அதன் அடியில் பெற்றோலை வடிக்கும் வலை, ஃபில்டர், இல்லையென்றால் பம்புக்குப் போகும் கரன்ட். பாய்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள், பழைய ஹோஸ் வெடிக்கும். பிளையர் போட்டு நசுக்கவே வேண்டாம்.

ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது?

புசல்லாவை_110

அமுக்கிப் பார்த்தோம். 44 வரைதான், அதுவும் மெதுவாக. ஃபில்டர் மாற்றியதாக எந்த பில்லும் வீட்டில் இல்லை. இன்று புதிது போட்டாயிற்று. பழையதை உள்ளே வரும் பக்கமாக வெள்ளைத் துணியில் கவிழ்த்தால் டீத்தூள் நிறத்தில் தண்ணீரும் துருப்பொடியும் வந்தது. போட்ட பிறகு குழாய் கழற்றிய எண் 38 ஆனது. ஆனால் ஏற்றத்தில் இன்னும் 30க்கு இறங்குகிறது. முன்னைவிடப் பிந்தித்தான் திக்குகிறது, ஆனால் திக்குகிறது.

வெலிமடை_ரோட்

அந்தத் துரு 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக் கதையாக இருக்கும். வரிசையில் நின்று கேனிலும் பீப்பாயிலும் பிடித்துவைத்து ஊற்றிய காலம். கியூஆர் பங்கீட்டு முறை வந்தும் பல வண்டிகள் பாதி டாங்க்கோடு கிடந்தன, வெற்று டாங்க்கின் மேல்பக்கம் வியர்த்துத் துருப்பிடித்தது. 2023 செப்டம்பரில் கியூஆர் நின்ற பிறகும் அடியில் இருந்த வண்டல் அப்படியே இருக்கும். பம்ப் மாற்றியவர்கள் கீழே மாட்டும் வலையையும் மாற்றினார்களா என்று பாருங்கள்.

மல்டிமீற்றர்

வலையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் டாங்க்கைத் திறப்பதற்கு முன் மூடியிருக்கும்போதே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. பம்புக்கு எத்தனை வோல்ட் போகிறது?

புது பம்ப், புது ஃபில்டர், அப்படியும் பலம் இல்லை. பழைய ஜப்பான் வண்டியில் இந்த இடத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது வயரை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பிளக்கைக் கழற்றாமல், வயர் நுழையும் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். கழற்றி அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும். கரன்ட் ஓடாதபோது எந்தத் துருப்பிடித்த வயரும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும்.

முதலில் பற்றரியில் எவ்வளவு, பம்பின் இரண்டு பின்னுக்கும் இடையில் எவ்வளவு என்று பாருங்கள். வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அது எங்கே தொலைகிறது என்று பிரிக்க வேண்டும். நீள வயர் ஒன்று எடுத்து, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி பிளஸிலும் மற்றதைப் பம்பின் பிளஸ் பின்னிலும் வைத்தால் போகும் வழியில் தொலைவது தெரியும். அதையே மைனஸுக்கும் மைனஸுக்கும் இடையில் வைத்தால் திரும்பும் வழியில் தொலைவது தெரியும். பிளஸ் வழியை எல்லோரும் பார்ப்பார்கள், எர்த் வழியைப் பார்ப்பவர் குறைவு.

புசல்லாவை_110

அண்ணே, பற்றரியில் 13.9. பம்பில் 10.3!

பிளஸ் வழியில் 1.1 தொலைகிறது, எர்த் வழியில் 2.5.

மல்டிமீற்றர்

கணக்குச் சரியாக வருகிறது, 3.6 வோல்ட் வழியிலேயே போகிறது. 10 வோல்ட்டில் ஓடும் பம்பிடம் ஏற்றத்துக்குத் தேவையான பெற்றோலை எதிர்பார்க்க முடியாது. முன்னாடி பம்ப் மாற்றியதும் கொஞ்ச நாள் நன்றாக இருந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். புது பம்ப் குறைந்த வோல்ட்டிலும் பழையதைவிடச் சற்றுக் கூடத் தள்ளியிருக்கும், பிளக்கைக் கழற்றி மாட்டியதில் பின்னும் கொஞ்சம் சுத்தமாகியிருக்கும்.

பிளஸ் பக்கத்துக்கு ஒரு சின்னச் சோதனை. பொனட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியின் மூடியில் பின்களின் பெயர் அச்சடித்திருக்கும். 'எஃப்பி' (FP) என்பதையும் 'பிளஸ் பி' (+B) என்பதையும் சின்ன வயரால் இணைத்தால் பம்ப் ரிலேயைத் தாண்டி நேராக ஓடும். அப்போது 1.1 குறைந்தால் ரிலேயின் முனைகள் கருகியிருக்கின்றன. பின்களை நன்றாகப் பார்த்து இணைக்கவும், வேறு பின்னில் போட்டுவிட வேண்டாம்.

எர்த்துக்கு, பம்பின் மைனஸ் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போங்கள். பொடியில் போல்ட்டால் முறுக்கியிருக்கும் இடத்தில் முடியும். அதைக் கழற்றிப் படம் போடுங்கள்.

புசல்லாவை_110

ரிலேயைத் தாண்டி ஓடவிட்டால் 1.1 என்பது 0.5க்கு வந்தது.

எர்த் போல்ட்டைக் கண்டுபிடித்தோம். கார்ப்பெட்டைத் தூக்கியபோதே கை நனைந்தது. போல்ட் தலை தெரியவில்லை, மேலே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வயரின் கண்ணியைத் தொட்டதும் பாதி உதிர்ந்துவிட்டது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்னால் ஊற்றிப் பார்த்தால் வலது பின் லைட்டின் ரப்பர் வழியாக டிக்கிக்குள் இறங்கி, ஓரமாக ஓடி அங்கே தேங்குகிறது. மழைக்காலம் முழுக்க அந்த போல்ட் தண்ணீரில் இருந்திருக்கிறது.

ஸ்பானர்_அண்ணன்

அருமை. இப்போது அவசரப்படாமல் செய்யுங்கள். பழைய ஓட்டையிலேயே முறுக்காமல் பெயின்ட் சுரண்டி, தகடு பளபளக்கும் புது இடத்தில் புதுக் கண்ணி போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கறுத்துப்போன வயரை வெட்டிவிட்டுச் செம்பு மினுங்கும் இடத்திலிருந்து சேருங்கள். லைட் ரப்பரைச் சரி பண்ணாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் திரும்பவும் இதே இடத்தில் நிற்பீர்கள். ரிலேயைப் புதிதாகப் போடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் கிடைக்கும், ஆனால் ரிலே விஷயத்தில் பழையதை நம்ப வேண்டாம், உள்ளே முனை எப்படி இருக்கிறது என்று வெளியே தெரியாது. எர்த் வேலை முடிந்ததும் டாங்க்கைத் திறந்து வலையையும் பார்த்துவிடுங்கள்.

ஹட்டன்வாசி

எனக்கும் இது புது விஷயம். தம்பி, காலை மிஸ்ஸிங்கை மறக்காதீர்கள், அந்த மூன்றாவது வயர் இருக்கிறது.

புசல்லாவை_110

வேலை முடிந்தது. எண்கள் கீழே.

பம்பில் இப்போது 13.1 வோல்ட். ஐட்லிங்கில் 33. குழாய் கழற்றினால் 41. ஹோஸை அமுக்கினதும் முள் 60ஐத் தாண்டியது, உடனே விட்டுவிட்டோம். இறம்பொடையிலிருந்து ஏறினோம், அதே மூன்றாம் கியர், முழு மிதி, முள் 40இலேயே நின்றது. திக்கலும் இல்லை, 'பொட்'டும் இல்லை. வலையில் ஒரு மூலை அடைத்திருந்தது, அதையும் மாற்றி டாங்க்கை அடிவரை துடைத்தாயிற்று.

டெப்பட் கவர் பெக்கிங், கிணற்றுச் சீல், வயர் செட் மூன்றும் போட்டோம். கழற்றுவதற்கு முன் ஹட்டன் அண்ணன் சொன்ன மாதிரி இருட்டில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். மூன்றாவது வயரின் மூக்கடியில் நீலப் பொறி நன்றாகத் தெரிந்தது. மாற்றிய பிறகு நல்ல மூட்டக் காலையிலும் ஐட்லிங் சீராக இருக்கிறது. இன்ஜெக்டர் நாலும் பழையதுதான், கை வைக்கவே இல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கண்டி போய் வந்தாயிற்று. எல்லா அண்ணன்மாருக்கும் நன்றி.

பண்டாரவளை_டீச்சர்

முழு இழையையும் வாசித்தேன். எங்கள் வீட்டில் பழைய நிஸான் சன்னி பி11 இருக்கிறது, கார்பரேட்டர் வண்டி. மாமா கொழும்பில் வைத்திருந்தது, இப்போது இங்கே கொண்டுவந்திருக்கிறோம். ஹப்புத்தளை ஏற்றத்தில் இதே மாதிரி இழுவை போய்த் திக்குகிறது. நானும் பிரஷர் கேஜ் போட வேண்டுமா?

ஸ்பானர்_அண்ணன்

டீச்சர், முதலில் பிளக்கின் நிறத்தைச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கு இந்தத் தம்பி பயன்படுத்திய கேஜ் உதவாது. எஞ்சினால் ஓடும் அந்தப் பம்ப் ஒரு சில பி.எஸ்.ஐ.தான் தள்ளும், 100 வரை எண் உள்ள கேஜில் முள் அசைவதே தெரியாது.

பண்டாரவளை_டீச்சர்

நாலும் கறுப்பு. துடைத்தால் கையில் கரி ஒட்டுகிறது. பெற்றோலும் முன்னைவிடக் கூடக் குடிக்கிறது.

ஸ்பானர்_அண்ணன்

அப்போ உங்கள் வண்டிக்கு எதிர்ப்பக்கத்து நோய். தம்பிக்குப் பெற்றோல் பற்றவில்லை, உங்களுக்குக் கூடிப்போகிறது. உயரம் ஏறினால் காற்று குறைவதைக் கார்பரேட்டர் அறியாது. கொழும்பில் சரியாக இருந்த ஜெட் (கார்பரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் சின்னத் துளை) பண்டாரவளையில் அளவுக்கு மேல் பெற்றோல் கொடுக்கும். பம்பைத் தொடவே வேண்டாம்.

ஜெட்டுக்குப் போவதற்கு முன் எஞ்சின் சூடேறிய பிறகு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து மேலே இருக்கும் சோக் தகட்டைப் பாருங்கள். அது நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். பாதி சாய்ந்திருந்தால் அதுவே கறுப்புக்கும் செலவுக்கும் காரணமாக இருக்கலாம், சுத்தம் பண்ணி லேசாக அசைய விடுங்கள். நிமிர்ந்துதான் நிற்கிறது என்றால் ஃபில்டரையும் மிதவைக் கிண்ணத்தின் மட்டத்தையும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் போடச் சொல்லுங்கள். கழற்றும் பழைய ஜெட்டை ஒரு டப்பாவில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். வண்டி திரும்பவும் கொழும்புக்குப் போனால் அது வேண்டும், சின்ன ஜெட்டோடு கீழே ஓட்டினால் வெள்ளைப் பிளக்கோடு நீங்களும் இங்கே வந்து எழுத வேண்டியிருக்கும்.